சாம்பலானவன் எழுந்து வந்த படம்

கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் மன்னியுங்கள். நான் நாலாவதோடு நின்றவன். மர்பி டவுன் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு சினிமா ஆபரேட்டர் தன் மச்சானிடம் சொன்னார்:

“ரத்தம் குடிக்கிற பேய்ப் படம், மச்சான். நேத்து தவறிப்போய் கடைசி ரீலை அதுக்கு முந்தின ரீலுக்கு முன்னாடியே மாட்டிட்டேன். வெயில் பட்டுச் சாம்பலான பேய் அடுத்த சீன்ல கோட்டு போட்டுக்கிட்டு வர்றான்.”

“ஐயையோ! மேனேஜர் விட்டாரா?”

“ஜனங்க அடிச்ச விசில்ல அவரும் கை தட்டினார்.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி?”

“இன்னிக்கு மேட்டினி சரியா ஓட்டினேன். நேத்து பார்த்தவங்க திரும்ப வந்து, ‘பேய் எழுந்து வர்ற சீனை வெட்டிட்டான்’னு ஒரே கூச்சல். நாளைக்கு அந்த சீன் வரலன்னா வீட்டுக்குப் போன்னுட்டார் மேனேஜர்.”

“என்னடா பண்ணப் போறே?”

“தப்பாவே மாட்ட வேண்டியதுதான்.”

ரொம்ப நாள் தள்ளிப்போட்டு இதை எழுதி முடித்தது 4-3-1962, ஞாயிற்றுக்கிழமை.