கடல் காற்றுக்குப் போன நல்ல பெயர்

கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும். நீங்களும் வந்ததும் வராததுமாக அதைத்தான் எடுத்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தீவுக்குப் போய் அவ்வளவு தெம்பாகத் திரும்பி வந்த பெண், வந்த வேகத்தில் எப்படிப் படுத்தாள் என்று கேட்டீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் தெருவில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் பழகியவர்கள். அவள் நடந்து போனால் வண்டியை நிறுத்தி, "டீச்சர், ஏறிக்கோங்க" என்பார்கள். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சீட்டை நீட்டுவார்கள், மருந்தை வாங்கிக்கொண்டு போவார்கள். என் முகத்தை யாரும் பார்த்ததில்லை. தெருவில் எனக்கு 'டீச்சர் வீட்டுக்காரர்' என்று பெயர். அதற்காக நான் உள்ளுக்குள் புழுங்கினேன் என்று எழுதிவிடாதீர்கள். பழகிப்போயிருந்தது.

போன மழைக்காலத்தில் அவளுக்கு நிஜமாகவே ஒரு காய்ச்சல் வந்தது. நான் லீவு போட்டு, சூப் வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து ஊட்டினேன். பார்க்க வந்தவர்கள் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா தன் கணவரையே இழுத்து வந்து காட்டினார்.

"பாருங்க, இவரும் ஒரு புருஷன், நீங்களும் ஒரு புருஷன்."

அந்த மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

காய்ச்சல் விட்டது. அவள் மறுபடி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கொஞ்ச நாளிலேயே திரும்பவும் படுத்தாள். அதற்குக் காரணம் நான்தான். கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பொடி, சூப்பில் துளியூண்டு. நான் மருந்துக்கடைக்காரன், அளவு தெரியாதவன் இல்லை. வாந்தி, மயக்கம், கால் தள்ளாட்டம், அவ்வளவுதான். டாக்டர்கள் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துக் கையை விரித்தார்கள். நான் அவளைக் கைத்தாங்கலாக மாடிப்படி இறக்கிக் கூட்டிப்போனால் தெருவே நின்று பார்க்கும். "நீங்க இல்லைன்னா நான் என்னங்க ஆவேன்" என்று ஒருநாள் அவளே அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அக்கா வந்து நின்றார்.

"தம்பி, நீங்க ஒருத்தரே எவ்வளவுதான் பார்ப்பீங்க? கொஞ்ச நாள் நான் எங்கயாவது கூட்டிட்டுப் போறேன். நல்ல கடல் காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்."

ஏதோ ஒரு தீவுக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டார். நான் குறுக்கே நிற்கவில்லை. போன இடத்தில் சாப்பாடு எப்படி இருக்குமோ என்று, சூப்புப் பொடியில் அந்தத் துளியையும் கலந்து, பொட்டலம் பொட்டலமாகக் கட்டிப் பெட்டியில் வைத்தேன். வெந்நீரில் கரைத்தால் போதும்.

திரும்பி வந்தவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெயிலில் கறுத்து, கன்னத்தில் சதை போட்டு, சிரித்துக்கொண்டே டாக்சியிலிருந்து இறங்கினாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடியேறினாள். அவளைத் தாங்குவதற்காக நான் நீட்டிய கை அப்படியே நின்றது.

"கோவிச்சுக்காதீங்க. பொடியைப் பார்த்தா ஏர்போர்ட்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்கன்னு, அக்கா உங்க பொட்டலத்தை எல்லாம் அவங்க வீட்டு அலமாரியிலயே வச்சுட்டாங்க. அங்க போய் நான் நீச்சலே அடிச்சேங்க! அடுத்த தடவை நீங்களும் வாங்க. எனக்காக ரொம்ப இளைச்சுட்டீங்க."

தெருவே கூடிவிட்டது. கடல் காற்று என்றால் கடல் காற்றுதான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இத்தனை மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் ஒருவன் நிற்கிறானே என்று ஒரு ஆள்கூட நினைக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா தனக்கும் கணவருக்கும் அதே தீவுக்கு டிக்கெட் விசாரித்தார். தலையைத் தொங்கப்போட்ட அதே கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சூப் வைத்தேன். அளவு கொஞ்சம் கூடியிருக்கலாம். மனம் சரியில்லாதபோது கை நிதானம் தவறும், அது யாருக்கும் நடப்பதுதான். "இந்த ருசி அங்க கிடைக்கலைங்க" என்று இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். பொழுது விடிவதற்குள் நினைவு தப்பிவிட்டது. ஆம்புலன்ஸை அழைத்ததும் நான்தான். அதை எழுதிக்கொண்டீர்களா?

அக்கா மட்டும் அந்த அலமாரியைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். தங்கையைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அலுப்பில், சமைக்கச் சோம்பல்பட்டு, ஒரு பொட்டலத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறார். அவரும் அதே வார்டில் வந்து படுத்தபிறகுதான் டாக்டர்களுக்குப் பொறி தட்டியது. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் எடுத்துச் சாப்பிடக் கூடாது என்று கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். யார் கேட்கிறார்கள்.

இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள், இவள் நேற்று எழுந்து நடந்தாள் என்கிறீர்கள். சந்தோஷம். யார் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்று கேட்டேன். யார் கையையும் பிடிக்கவில்லை என்றீர்கள். கேட்கவே சங்கடமாக இருக்கிறது, ஐயா. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் வீடு திரும்புவதற்குள் என்னை விட்டுவிடுங்கள். பாவம், அவளைப் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?