பெர்னடெட்டின் விரல்

வழக்கறிஞர் அறையில் ஏர்கான் குளிரைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாமே என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கிள்ளானில் என் வீட்டிலேயே விட்டு வந்தது இன்னொரு எரிச்சல். கொமுட்டர் ரயிலில் பாதி தூரம் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், தேர்தலில் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று விஜயன் கேட்டார். அவர் சங்கத்தின் வழக்கறிஞர், மரியாதையான பிள்ளை. எதிரே பெர்னடெட் உட்கார்ந்திருந்தாள். அவள் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். மறைக்க என்ன இருக்கிறது?

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்களுக்கான எங்கள் சங்கத்தில் கண் தெரிந்த ஒரே நிர்வாகி நான்தான். செயலாளர். அவர்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டுவேன். மாத்திரைப் பெட்டியில் எழுதியிருப்பதைச் சொல்வேன். தேர்தலில் காதருகே வந்து பெயரைச் சொல்வார்கள், சீட்டில் நான் குறி போடுவேன். பெரும்பாலும் சொன்ன பெயருக்கே போட்டிருக்கிறேன். தவறான பெயரைச் சொன்னபோது மட்டும் திருத்தினேன்.

இந்த வருடம் பெர்னடெட் தலைவர் பதவிக்கு நின்றாள். அவளும் பார்வையற்றவள், மசாஜ் நிலையத்தில் வேலை செய்பவள், வாய் கொஞ்சம் நீளம். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இனிமே நம்ம ஓட்ட நாமளே போடுவோம். பாவம் சீதாலெட்சுமி அக்கா, நம்ம ரகசியத்தையெல்லாம் சுமந்து முதுகே வளைஞ்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் நெருக்கியதால்தான் வாக்கு இயந்திரம் எடுக்க முடிவானது. இரண்டு கம்பெனிகள் கொண்டுவந்து காட்டின. ஒன்று ஹெட்போனில் பெயர்களைச் சொல்லும். தடித்த பொத்தானை அமுக்கினால் போதும். மற்றது பேசாது. வழவழப்பான கண்ணாடித் திரை. ஆனால் விழுந்த ஓட்டைத் தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் போடும். நான் பாதுகாப்பைப் பற்றிப் பேசினேன். பேசும் இயந்திரம் காதில் ஒன்று சொல்லி உள்ளே வேறொன்றைப் பதிந்தால் யாருக்குத் தெரியும்? தாள் இருந்தால் மறுபடி எண்ணலாம். இதில் பொய் ஒன்றுமில்லை.

பெர்னடெட் திரையைத் தடவிப் பார்த்தாள். "இது என்னா, மீன் தொட்டியா? அந்தத் தாள யாரு எங்களுக்குப் படிச்சுச் சொல்லுவா?"

நான் இருக்கிறேனே என்றேன். குழு என் பேச்சைக் கேட்டது. திரைக்கு அழைத்துப் போவது செயலாளரின் பொறுப்பு என்ற விதியும் நான் எழுதியதுதான்.

தேர்தலன்று ஒவ்வொருவராக என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பலர் அவள் பெயரைச் சொன்னார்கள். ஒவ்வொரு விரலையும் பிடித்துத் தங்கமணியின் பெயர்மேல் வைத்தேன். தங்கமணி மறுபடியும் நின்ற பழைய தலைவர், நான் சொன்னால் கேட்பவர். கடைசியாக பெர்னடெட் வந்தாள். "என் பேருக்குத்தான், அக்கா" என்று வெட்கப்பட்டாள். எண்ணெயில் ஊறி மிருதுவான விரல். அதையும் அங்கேயே வைத்தேன்.

அதுதான் நான் செய்த தவறு. அவளுக்கு ஒன்றிரண்டை விட்டுவைத்திருக்கலாம்.

முடிவை நானே வாசித்தேன். பெர்னடெட்டுக்கு ஒரு ஓட்டும் இல்லை. ரபேல் அங்கிள் கேலியாகக் கேட்டார்: "ஏன் புள்ள, உன் ஓட்டே உனக்கு விழலயா லா?" கூடம் சிரித்தது. அவள் மட்டும் முகத்தை நான் நின்ற பக்கம் திருப்பி அப்படியே வைத்திருந்தாள்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை என்று விஜயனிடம் சொன்னேன். கண் தெரியாதவர்களை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

"என் விரல நீங்க மெதுவாத்தான் பிடிச்சீங்க, அக்கா" என்றாள் பெர்னடெட்.

விஜயன் நான் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்து தாளை என் பக்கம் நகர்த்தினார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"கண்ணாடி இல்லயா, ஆன்டி? பரவால்ல, நான் படிச்சுக் காட்டுறேன். நீங்க சொன்னதத்தான் போட்டிருக்கேன். இங்க சைன் பண்ணுங்க." இடம் காட்ட என் கையைப் பிடித்தார்.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். பேனாவை மூடி வைத்தேன்.

"வேணாம், தம்பி" என்றேன். "அதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"