கிருமியின் வம்சம்

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலைக்கு ஏறும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு நர்ஸும், டிபி மருந்து முடித்துக் குணமான ஓர் இளம்பெண்ணும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கிருமிக்குமா வம்சம் இருக்குதுங்க?”

“இருக்குது கண்ணு. ஆளுக்கு ஆள் பரவப் பரவ கிருமியோட மரபணு துளித்துளியா மாறும். அதைப் படிச்சா எது எதுக்குச் சொந்தம்னு தெரிஞ்சிரும். உன் சளியில இருந்ததும் உன் மாமனார் சளியில இருந்ததும் சொந்தமே இல்லை. அவருக்கு உன்னால வரலை.”

“திருப்பூருக்கு வேலைக்குப் போயி சீக்கைக் கொண்டாந்துட்டேன்னு மாமியா என்னைய அம்மா ஊட்டுக்குத் தொரத்திட்டாங்க. புள்ளையக் கண்ணுலயே காட்டறதில்லீங்க.”

“நாளைக்கு ஆலத்தூர் நாட்டுக்கு நானே வந்து உன் மாமியார்கிட்ட சொல்றேன்.”

பஸ் இரண்டு வளைவுகள் ஏறியதும் அவள் மறுபடி நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

“அப்ப மாமாவுக்கு ஆருகிட்ட இருந்துங்க வந்துச்சு?”

“உங்க ஊர்லயே ஒருத்தர். அவரும் மருந்து சாப்பிடறார். பேரு சொல்லக் கூடாது.”

“எங்க மாமியா கேட்டாலும் சொல்லிப்போடாதீங்க. அடுத்து அவியளைத் தொரத்தக் கெளம்பிருவாங்க.”

மறுநாள் அதே பஸ்ஸில் இருவரும் வந்து, ஆலத்தூர் நாட்டில் இறங்கினார்கள். அவள் கையில் துணிப்பையும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் இருந்தன.