பழைய டிராக்டர் சீட்டு

ஒடுகத்தூரிலிருந்து மலையேறும் ஜீப்பில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் மடியில் பழைய டிராக்டர் சீட்டு ஒன்றை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தாள்.

“வண்டி எங்கடி?” என்றாள் மூத்தவள்.

“வண்டி எதுக்குக்கா? சீட்டு போதும்.”

“இன்னாடி சொல்ற?”

“எங்க ஓரகத்தி புருசன், உக்காந்து ஓட்டுற புல்லு வெட்டுற மிசின் ஒண்ணு பழசா வாங்கியாந்தாரு. நம்ம நெலம் பூரா கல்லு. மொத நாளே பிளேடு ஒடஞ்சி பூடுச்சி.”

“அப்ப உனுக்கு சந்தோசம்தான?”

“எங்க? இப்ப அந்த ஓரகத்தி அத வூட்டு வாசல்ல நிறுத்திட்டு, அதும்மேல காலு மேல காலு போட்டு உக்காந்துனு புளிக்கொட்டை எடுக்குறா. நான் தரையில உக்காந்து எடுக்குறேன். என்னக் குனிஞ்சி பாத்துதான் பேசுறாக்கா.”

“அதுக்குன்னு இத வாங்குவியா?”

“மிசினு வாங்க நம்மளாண்ட ஏது துட்டு? பழைய இரும்புக் கடையில இது கெடச்சிது. நாலு கல்லு அடுக்கி, அவளோடதவிட ஒசரமா வெக்கப்போறேன்.”

மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு வளைவுகள் தாண்டியதும் கையை நீட்டிச் சீட்டின் பஞ்சை அமுக்கிப் பார்த்தாள்.

“அந்தக் கடையில இன்னொண்ணு இருக்குதாடி?”