ஒட்டுண்ணியின் மேல்சட்டை

— டப்பாவை வெளியிலேயே வெச்சுட்டு வாம்மா. இந்த ரூமுக்குள்ள சாப்பாடு கூடாது.

— வெளிய வெச்சா மறந்துடுவீங்க. நேத்தும் அப்படியேதான் வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு. என்ன, மறுபடியும் அதேதானா?

— அதேதான். இது மூணாவது தடவை.

— முதலாளி உங்களை வாங்கு வாங்குன்னு வாங்கினாராமே. பேக்கிங்ல பூரா இதே பேச்சுதான்.

— மூணு மணிக்கு வந்து பாக்கறேன்னார். இதுவும் தப்பா இருந்தா ரூமைப் பூட்டிட்டு, புரதத்தை வெளிய வாங்கிக்கறாராம். என்னை வேற வேலை பாத்துக்கச் சொல்லிட்டார்.

— நாலாவது மாசம் நடக்குது எனக்கு. இப்பப் போய் வேலை தேடி அலைவீங்களா? கொஞ்சம் தள்ளுங்க, உக்காந்துக்கறேன். கால் கடுக்குது.

— ஸ்டூல்ல உக்காரு. மேஜையைத் தொடாத.

— ரெண்டு வருஷமா இந்தப் பெட்டிக்கெல்லாம் லேபிள் ஒட்டறேன். உள்ள என்னன்னு ஒருத்தரும் ஒழுங்கா சொன்னதில்ல. பூச்சி மருந்துன்னுதான் எங்க அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

— பூச்சியும் இல்ல, மருந்தும் இல்ல. ரத்தத்துல ஒரு ஒட்டுண்ணி வந்திருக்கான்னு பாக்கற டெஸ்ட். அது கண்ணுக்குத் தெரியாது. கழுவாத கீரை, வேகாத கறி, பூனை கழிச்ச மண்ணுன்னு எதுலயாவது வந்து ஒடம்புல குடியேறிடும். அது மேல ஒரு புரதம் இருக்கு, சட்டை மாதிரி. அந்தச் சட்டைக்கான மரபணுவை மட்டும் பாக்டீரியாவுக்குள்ள வெச்சா, அது பாட்டுக்குத் தச்சுக் குடுத்துடும். ஒட்டுண்ணியே தேவையில்ல.

— ஆள் இல்லாம சட்டை மட்டும்.

— ஆமா. அதைத்தான் இந்த ஸ்ட்ரிப்ல தடவறேன். ஒட்டுண்ணி வந்த ரத்தம்னா சட்டையை அடையாளம் கண்டுக்கும், ரெண்டு கோடு விழும். வராத ரத்தம்னா ஒரு கோடுதான். சரிபாக்கறதுக்கு ஒரு டியூப் நோயாளி ரத்தம், ஒரு டியூப் நல்ல ரத்தம் வெச்சிருக்கோம். இப்ப ரெண்டுக்கும் ரெண்டு கோடு வருது.

— நம்ம வீட்டுல ரெண்டு கோடு வந்தப்ப தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க.

— சிரிக்காத. பாக்டீரியாவோட அழுக்கு கலந்திருந்தா எல்லா ரத்தத்துக்கும் இப்படித்தான் விழும். மூணு தடவை சுத்தம் பண்ணிட்டேன். முன்னெல்லாம் ஒரே தடவையில சரியா வரும்.

— வேற ரத்தத்தை வெச்சுக் காட்டிடுங்களேன். டியூப் மேல பேரா போட்டிருக்கு? வெறும் நம்பர்தானே. முதலாளிக்கு எங்க தெரியப்போகுது?

— அது ஏமாத்து வேலைம்மா.

— கைக்குழந்தையோட நடுத்தெருவுல நிக்கறது மட்டும் நல்ல வேலையா? உங்க விரலையே குத்திப் பாருங்க. பாக்கறதுல என்ன போச்சு?

— சரி. குத்திட்டேன். போதுமா?

— டிரைவர் அண்ணே, நீங்களும் ஒரு நிமிஷம் உள்ள வாங்க. விரலை நீட்டுங்க.

— மோதிரமா போடப்போற தங்கச்சி?

— ஒரு சொட்டு ரத்தம்ணே.

— என்கிட்ட இருக்கறதே அவ்வளவுதான். எடுத்துக்கோ. நான் போய் வண்டியைத் துடைக்கறேன்.

— எவ்வளவு நேரம் ஆகும்ங்க?

— பத்து நிமிஷம். நீ போய்ச் சாப்பிடு.

— நீங்க சாப்பிடாம எனக்கு இறங்காது. ஒண்ணு சொல்லவா? நேத்து குழந்தை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— போன தடவை இந்த மாசம் தாண்டலையே. சொன்னா கண்ணு பட்டுடுமோன்னு பயம். வாயுவாக்கூட இருக்கலாம்.

— அசைவாத்தான் இருக்கும். பயப்படாத.

— ஏங்க, ஸ்ட்ரிப்பைப் பாருங்க. உங்களுக்கு ஒரு கோடு. டிரைவர் அண்ணனுக்கும் ஒண்ணுதான்.

— ஆமா. ஒண்ணுதான்.

— அப்பாடா. அழுக்கு இருந்தா எல்லாருக்கும் விழும்னு சொன்னீங்களே. அப்போ உங்க புரதத்துல ஒரு குத்தமும் இல்ல. அந்த நல்ல ரத்தம்னு வெச்சிருக்கற டியூப்காரருக்குத்தான் என்னமோ இருக்கு. முதலாளிகிட்ட நெஜத்தையே சொல்லிடலாம், வேலை தப்பிச்சுது. என்னங்க, அந்த டியூப்பையே திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?

— அந்த டியூப் போன மாசம் எடுத்தது. பழசு தீந்துபோச்சு.

— அந்த ஆளைக் கூப்பிட்டு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க. பாவம், அவருக்கே தெரிஞ்சிருக்காது. வந்தா என்ன பண்ணும் இது?

— முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது. லேசா காய்ச்சல் அடிக்கும், விட்டுடும்.

— அப்புறம் எதுக்கு முகத்தை இப்படி வெச்சுக்கறீங்க? வாங்க, சாப்பிடலாம்.

— வயித்துல இருக்கற குழந்தைக்குத்தான் ஆகாது. கண்ணு, மூளைன்னு போய் உக்காந்துக்கும்.

— அப்படின்னா அந்த டியூப்காரர் ஒரு பொம்பளையா?

— முதல் செக்கப்புல இந்த ஒட்டுண்ணி இல்லைன்னு உனக்கு ரிப்போர்ட் வந்துச்சு. இதைவிட நல்ல ரத்தம் எங்க கிடைக்கப்போகுதுன்னுதான் போன மாசம் எதுக்குன்னு சொல்லாம உன் கையை நீட்டச் சொன்னேன்.