இருதயசாமியின் ஜீப்பில் பனித்தண்ணீர்

டெல்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். ஜனவரி மாதம் சரோஜினி நகரில் ஒவ்வொரு பால்கனியிலும் ஓர் எண்ணெய்ப் பாட்டில் வெயில் காய்வதைப் பார்க்கலாம். யார் வீட்டில் இன்று தலைக்குளியல் என்று அதை வைத்தே நான் சொல்லிவிடுவேன். வம்பு என்பாள் என் மனைவி காமாக்ஷி. நாலு பேருடைய நல்லது கெட்டதைத் தெரிந்து வைத்துக்கொள்வது வம்பாகுமா?

சர்க்கார் வாகனப் பிரிவில் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன் நான். எங்கள் பிளாக்கில் தமிழ்க் குடும்பங்கள் பிரஷர் குக்கரிலிருந்து மாப்பிள்ளை வரை எதையும் வைத்தி சாரான என்னைக் கேட்காமல் எடுத்ததில்லை. ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் முதலில் என் வாசலில் கொண்டுவந்து உறுமவிட்டுக் காட்டுவார்கள்.

கீழ்வீட்டு இருதயசாமி மட்டும் கேட்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், மாற்றலாகி வந்த புதிது, ஹிந்தியில் 'அச்சா'வைத் தாண்டாதவன். பட்டாளத்தில் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வாசலில் நிறுத்தினான். மலை, மணல், சேறு எங்கும் போகுமாம். அன்றிலிருந்து காலனிக்கே அதுதான் தேர். கோயிலுக்குப் போகிற மாமிகளும் ஸ்டேஷனுக்குப் போகிற பெட்டிகளும் அதில்தான். சாயங்காலங்களில் என் வீட்டு நாற்காலிகள் சும்மா கிடந்தன.

மார்கழியில் அவனே என்னிடம் வந்தான். ஆயில் ஒரு மாதிரி இருக்கிறதாம். ஆயில் மட்டம் பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தேன். பால் அதிகமான காபி நிறம்.

இதில் இரண்டு ரகம் உண்டு. குளிர்காலத்தில் வண்டியைக் கிட்டத்துக்கே ஓட்டினால் எஞ்ஜினுக்குள் ஈரம் படிந்து, ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டும். அது ஒன்றுமில்லை, நெடுந்தூரம் ஓட்டினால் போய்விடும். ஆனால் குச்சி முழுக்க வெளுத்து, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறி, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால், தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கிற கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீர் ஆயிலில் இறங்குகிறது. வழுவழுப்புப் போய் ஒரு நாள் ஓடும்போதே எஞ்ஜின் இறுகிவிடும். இது இரண்டாவது ரகம்.

நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு சர்தார்ஜியின் பட்டறைக்கு அவனை அழைத்துப் போனேன். சர்தார்ஜி விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, கேஸ்கெட் போச்சு, தண்ணீர் இறங்குகிறது, பிரித்துப் போடாமல் தெருமுனைக்குக்கூட ஓட்டாதே என்று கடகடவென்று பஞ்சாபி கலந்த ஹிந்தியில் சொன்னார்.

இருதயசாமி என் முகத்தைப் பார்த்தான். "பானி பானிங்காரே, தண்ணியா சார்?"

"பனித்தண்ணி. குளிருக்கு எல்லா வண்டியிலயும் இருக்குமாம். நன்னா ஓட்டினா சரியாயிடுமாம்."

அவன் சர்தார்ஜியைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தான். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு யார் மேலும் துவேஷம் கிடையாது. தேர் ஒரு நாள் நடுரோட்டில் நிற்கட்டும், எல்லாரும் இறங்கி நடந்து வரட்டும், அடுத்த தடவை கேட்டுவிட்டு வாங்குவார்கள். இவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் குறைவதை அவன் பார்த்துவிட்டால் சந்தேகம் வருமே. அதனால் விடியற்காலையில் பால் பூத்துக்குப் போகும்போது ஒரு சொம்பு தண்ணீரை அதில் ஊற்றிவிட்டுப் போவேன். நிறுத்திவிடலாம் என்று பல நாள் தோன்றியது. நிறுத்தினால் குட்டு வெளிப்படும். ஆரம்பித்தவனுக்கு வேறு வழி இல்லை.

காமாக்ஷிக்குக் குளிர்காலத்தில் இழுப்பு வரும். ஒரு நாள் காலை வந்தது வழக்கமான இழுப்பாக இல்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. இருதயசாமியின் மனைவி இன்பராணி நர்ஸ். நாடியைப் பிடித்துப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஒரு நிமிஷமும் தாமசிக்கக் கூடாது. டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஆள அனுப்பட்டா சார்? ஜீப்பு ரெண்டு நாளா மக்கர் பண்ணுது."

"நம்ம வண்டி வாசல்ல நிக்கயில டாக்ஸி எதுக்கு? சார்தான் நல்லாருக்குன்னு சொல்லிட்டாரே" என்றான் இருதயசாமி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். டாக்ஸி என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று நான் எப்படிச் சொல்வது?

"ஜீப்பே போறும்" என்றேன்.

மூடுபனியில் ரிங் ரோடு தெரியவில்லை. ஆயில் அழுத்தம் காட்டும் முள் கீழே சரிந்துகொண்டே வந்ததை அவன் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தடியில் ஒரு முனகல், ஒரு உதறல், எஞ்ஜின் இறுகி நின்றுவிட்டது. இன்பராணி காமாக்ஷியின் நெஞ்சைத் தேய்த்தாள். இருதயசாமி எதிரே வந்த விளக்குகளை எல்லாம் கை நீட்டி மறித்தான். ஒன்றும் நிற்கவில்லை. திரும்பி ஓடி வந்து, என்ன செய்யட்டும் என்று கேட்டான். இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ என்றேன். இனி அது ஸ்டார்ட் ஆகாது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். காமாக்ஷி என் சட்டையைப் பிடித்திருந்தாள். கடைசியில் ஒரு பால் லாரிக்காரன் நிறுத்தினான். அப்போது அந்தப் பிடி விட்டிருந்தது.

ஜீப்பை இருதயசாமி பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். யாரையும் கேட்காமல் வாங்கினால் இப்படித்தான் என்கிறார்கள் காலனியில். நான் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. நாற்காலிகள் மறுபடி நிறைகின்றன. இருதயசாமி தினமும் வந்து ஓரமாக உட்கார்ந்து, அரிசி எங்கே வாங்கலாம் என்பதைக்கூட என்னைக் கேட்டுக்கொண்டு போகிறான்.

நேற்று என் காலைப் பிடித்துக்கொண்டு, "மாமிய நாந்தான் கொன்னுட்டேன் சார்" என்று அழுதான். பார்க்கப் பாவமாக இருந்தது. தூக்கி உட்காரவைத்து, அவனை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.