ஓட்டை போடாத தங்கக் காசு

நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இருந்த பெண் கணவரிடம் சொன்னாள்: "நல்ல காலம், அந்தக் காசிலை ஓட்டை போட நான் விடேல்லை."

அவளுடைய கலியாணத்துக்கு அண்ணா கொடுத்த பழைய அமெரிக்கத் தங்கக் காசை, பழைய காசு வாங்கும் கடையில் காட்டிவிட்டு வருகிறார்கள்.

"சங்கிலியிலை கோக்கச் சொன்னது நான்தானே," என்றார் அவர்.

"கோத்திருந்தால் வெறும் தங்கத்தின்ரை விலைதானாம். தேய்ச்சு மினுக்கியிருந்தாலும் தரம் குறையுமாம். இப்ப மூண்டு மடங்கு தருவினமாம்."

"வித்தால் அண்ணர் கோவிக்கமாட்டாரோ?"

"காலமை கேட்டனான். 'பெட்டிக்குள்ளை கிடந்து என்ன செய்யுது, தையல் கடையைத் திற' எண்டவர்."

அவர் யோசித்தார். "அப்ப தையல் கடைக்குப் பாத்த இடத்தின்ரை சொந்தக்காரருக்கு எடுத்துச் சொல்லும்."

அவள் உடனே போனை எடுத்தாள். நோர்வே மொழியில், ரயில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "நாங்கள் அந்த இடத்தை எடுக்கிறோம். திங்கட்கிழமை சாவி வேண்டும்."